முக்கால் அங்குல நீர்: கிராமக் கழிவுநீரின் வரலாறு

தில்லி மாநகரின் தென்மேற்கு மூலையில் நஜப்கர் என்ற ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், முகலாயப் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டாம் ஷா ஆலம் மன்னரின் படைத் தலைவராக விளங்கிய மிர்சா நஜப் கான் என்பவரின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. 1857-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி, ஜான் நிக்கல்ஸனின் படை சதுப்பு நிலங்களைக் கடந்து வந்து சிப்பாய்களின் படையோடு மோதியதும் இவ்வூர்ப் புறத்தில்தான். வரலாற்று நூல்கள் நஜப்கரைப் பற்றிக் கூறுவன பெரும்பாலும் இவ்வளவே.

ஆனால் அரண்மனைகளுக்கும் போர்க்களங்களுக்கும் வரலாறு இருப்பது போலவே, அடுப்படி முற்றத்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மனிதன் குடிக்கும் நீரின் கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவன் கழித்துவிட்ட நீரின் கதையைச் சொல்லுவோர் சிலரே. அந்த இரண்டாவது கதையில் நஜப்கருக்கு முக்கியமான இடம் உண்டு. ஒருமுறை அன்று, இருமுறை அது அந்தக் கதையில் இடம்பெறுகிறது.

ஆரவல்லி மலைச் சாரலில் தோன்றும் சாஹிபி நதியின் மழைக்கால வெள்ளம் முற்காலத்தில் நஜப்கருக்கு அருகே பெரிய ஏரியாகத் தேங்கி நின்றது. அந்நீரை வடித்து நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கருதிய ஆங்கில அரசாங்கம், 1865-ஆம் ஆண்டில் அங்கிருந்து யமுனை வரையில் ஒரு வடிகாலை வெட்டியது. அதுவே நஜப்கர் நாலா. தன்ஸா என்ற இடத்தில் தில்லிக்குள் நுழைந்து, ஏறக்குறைய 57 கிலோமீட்டர் தூரம் ஓடி, வஜீராபாத்துக்குச் சற்றுக் கீழே அது யமுனையில் கலக்கிறது. மழை நீரைக் கொண்டு செல்வதற்காக வெட்டப்பட்ட வாய்க்கால் அது. நகரம் வளர வளர, அதன் இரு கரையிலும் இருந்த குடியிருப்புகளின் சாக்கடைகள் யாவும் அதில் வந்து விழத் தொடங்கின.

இதன் பலனைத் தில்லி மாநகரம் 1955-ஆம் ஆண்டின் இறுதியில் அனுபவித்தது. அவ்வாண்டு பெய்த பெருமழைக்குப் பின் யமுனை தன் போக்கைச் சற்றே மாற்றிக்கொண்டு, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை விட்டு விலகி ஓடியது. அதனால் நஜப்கர் நாலாவின் அழுக்கு நீர் பின்னோக்கி ஏறிக் குடிநீர் எடுக்கும் இடத்தையே எட்டிவிட்டது. நவம்பர் மாதத்தில் சில நாட்கள் இந்நிலை நீடித்தது. நீர் நிலையத்தில் பணிபுரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் வழக்கத்தினும் மிகுதியாகச் சேர்த்தார்கள். டைபாய்டு முதலிய கொள்ளை நோய்கள் வராமல் அது தடுத்தது. எனினும் டிசம்பர் மாதத்தில் நகரெங்கும் மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 29,300 பேர் காமாலையுற்றனர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கே உயிர்ச்சேதம் அதிகமாக நேர்ந்தது என்பதை அக்காலத்து வைத்தியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென்று அன்று எவரும் அறியார். கால் நூற்றாண்டுக்குப் பின்னர், சேமித்து வைக்கப்பட்டிருந்த அக்காலத்து இரத்த மாதிரிகளை ஆராய்ந்த போதுதான், அது அதுவரை அறியப்பட்ட காமாலை வகைகளுள் எதனையும் சேர்ந்ததன்று என்பது புலப்பட்டது. இன்று அதனை ஹெபடைடிஸ் ஈ என்று அழைக்கிறோம்.

ஒரு நகரம் தான் கழித்த நீரைத் தானே குடிக்க நேர்ந்த நிகழ்ச்சி இது. இதில் நஜப்கரின் பெயர் ஒரு குற்றவாளியின் பெயரைப் போல வருகிறது. ஆனால் ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே நஜப்கரைச் சுற்றியிருந்த கிராமங்களில், கழிவுநீரை எவ்வாறு அடக்கி ஆள்வது என்பதைக் கண்டறியும் சோதனை ஒன்றும் தொடங்கியது. அந்த இரண்டாவது நிகழ்ச்சியைப் பற்றியே இக்கட்டுரை விரிவாகக் கூற விரும்புகிறது.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். அரசாங்க அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸல்லேஜ்’ என்றும் ‘ஸூயேஜ்’ என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்னது குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், துணி துவைத்த நீர். பின்னது மலமும் சிறுநீரும் கலந்த நீர். நாம் இரண்டையும் கழிவுநீர் என்றோ சாக்கடை என்றோ ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். ஆயினும் நம் முன்னோர்க்கு இந்த வேறுபாடு தெரியாமலில்லை. அங்கணம் என்ற சொல் குறளிலேயே வருகிறது. வீட்டின் நீர் வடியும் முற்றத்தையும் சாக்கடையையும் அது குறிக்கும். நிலத்துக்கு அடியில் செல்லும் நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். சிலப்பதிகாரத்து மதுரையில் அச்சொல்லைக் காண்கிறோம். கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் இச்சொற்கள் வெறும் கவிதை அலங்காரம் அல்ல என்பதற்குச் சான்று.

வடநாட்டிலும் இவ்வாறே. மொகஞ்சதாரோவின் செங்கல் வடிகால்களை அறியாத பள்ளி மாணவர் இலர். அவற்றைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது தட்சசீலத்தில் உள்ள பீர் மேடு. அங்கே ஸர் ஜான் மார்ஷல் அகழ்ந்து கண்ட வீடுகளில் ஆழமான உறிஞ்சு கிணறுகள் இருந்தன. வீட்டின் அழுக்கு நீர் அவற்றில் இறங்கி, சுற்றியுள்ள மண்ணில் மெல்ல ஊறி மறைந்தது. தெருவெங்கும் குழாய் பதித்து, நீரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஆற்றில் கொட்டுவது ஒரு முறை. அது தோன்றிய இடத்திலேயே மண்ணிடம் ஒப்படைத்துவிடுவது மற்றொரு முறை. இவ்விரண்டு முறைகளும் மிகப் பழமையானவை. பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரண்டின் போட்டி என்றே கூறலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதல் முறை ஓங்கியது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாங்காமல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே தவித்தது. அதன் பின்னர் ஜோஸப் பஸல்கெட் என்ற பொறியியலர் லண்டன் நகரின் மாபெரும் பாதாளச் சாக்கடையைக் கட்டி முடித்தார். குழாய் மட்டும் போதாது, இறுதியில் அந்நீரைச் சுத்தமும் செய்ய வேண்டும் என்பது பிறகு விளங்கியது. 1890-களின் நடுவில் எக்ஸிடர் நகரில் டொனால்டு காமரான் செப்டிக் டாங்கை அமைத்தார். 1914-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதில் வளரும் நுண்ணுயிர்களைக் கொண்டே அதனைத் தூய்மையாக்கும் வழியை வெளியிட்டனர். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் பவுலர் என்ற இரசாயன அறிஞர் 1916-ஆம் ஆண்டில் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். இவ்வாறு அக்கலை நம் நாட்டிலும் கால் ஊன்றியது. தில்லியின் ஓக்லாவில் 1937-ஆம் ஆண்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தோன்றியது.

இவையெல்லாம் நகரங்களின் கதை. கிராமத்துக்கு இவை ஏன் பயன்படவில்லை என்று கேட்கலாம். காரணம் எளிது. பாதாளச் சாக்கடையில் கழிவு தானாக நகராது. அதனை அடித்துச் செல்ல ஏராளமான நீர் வேண்டும். கிணற்றில் இறைத்துக் குடத்தில் சுமந்து வரும் குடும்பத்துக்கு அந்த நீர் எங்கே கிடைக்கும்? சிதறிக் கிடக்கும் முந்நூறு வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் செலவை எந்தப் பஞ்சாயத்து தாங்கும்? யந்திரத்தை இரவு பகலாக இயக்குவதற்கு மின்சாரமும் ஆளும் எங்கே? ஆகவே நகரத்தின் விடையைச் சிறியதாக்கிக் கிராமத்துக்குக் கொடுப்பது இயலாத காரியமாயிற்று. கிராமத்துக்கு வேறு விடை வேண்டியிருந்தது.

அதனைத் தேடும் முயற்சிகள் பல திசைகளிலிருந்து வந்தன. கொக்கிப் புழு நோயை ஒழிக்க முற்பட்ட அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் 1930-களில் துளைக் கக்கூஸை அறிமுகப்படுத்தியது. ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில், பதினைந்து முதல் இருபத்தைந்து அடி ஆழம் வரையில், துளைக் கருவியால் பூமியைக் குடைந்து, மேலே ஒரு பலகையை வைப்பார்கள். ஆனால் அது ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே பயன்படும். பின்னர் வேறு துளை வேண்டும். அதற்கான கருவியோ எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. வங்காளத்தில் சிங்கூர் என்ற ஊரில், கல்கத்தாவின் அகில இந்திய சுகாதார, பொது ஆரோக்கிய நிறுவனம் நடத்திய கிராம நிலையத்தில், 1949-50-இல் இதற்கு மாற்றாகக் கிணற்றுக் கக்கூஸ் தோன்றியது. இரண்டரை அடி விட்டமும் பத்து முதல் பன்னிரண்டு அடி ஆழமும் கொண்ட குழி அது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் தோண்டலாம். மண் சரியாதிருக்க உறை இறக்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பயன்படும்.

காந்தியடிகளின் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1901-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் நாறிக் கிடந்ததைக் கண்டு, தாமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கியவர் அவர். பிரச்சினை குழியில் மட்டும் இல்லை, மனிதர் மனத்திலும் இருக்கிறது என்பதை அவர் கண்டார். மலத்தை அள்ளுவதற்கென்று ஒரு சாதியைப் பிறப்பிலேயே ஒதுக்கி வைத்த சமூகம், தன் கழிவைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவையே இல்லாமல் வாழ்ந்துவிட்டது. 1941-இல் அவர் எழுதிய நிர்மாணத் திட்டத்தில் கிராம சுகாதாரம் தனி இடம் பெற்றது. அவர் வழியில் நின்ற அப்பாசாஹேப் பட்வர்தன் கொங்கணத்தின் கோபுரியில் எளிய கக்கூஸ்களை அமைத்து, கழிவை எருவாக்கும் முறையைப் பரப்பினார்.

அரசாங்கமும் விழித்துக்கொண்டது. போர் குழு 1946-இலும், சுற்றுப்புறச் சுகாதாரக் குழு 1949-இலும் தம் அறிக்கைகளை அளித்தன. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கிராம சேவக்குகள் ஊர் ஊராகச் சென்று உறிஞ்சு குழியும் கக்கூஸும் அமைக்கும்படி எடுத்துரைத்தார்கள். 1954-இல் தேசியக் குடிநீர், சுகாதாரத் திட்டம் உருவாயிற்று. பணமும் ஆட்களும் இருந்தனர். ஆனால் அடிப்படையான கேள்விக்கு விடை இல்லை: எந்த மாதிரியான கக்கூஸை, எவ்வளவு செலவில், எப்படிக் கட்டினால் நம் கிராமத்தார் அதைப் பயன்படுத்துவார்கள்?

இக்கேள்விக்கு விடை காண்பதற்காக, 1950-களின் நடுவில், மத்திய சுகாதார அமைச்சகம் போர்டு ஸ்தாபனத்தின் உதவியோடு ஆராய்ச்சி-செயல் திட்டங்களைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் மூன்று: வங்காளத்தில் சிங்கூர், சென்னை இராஜ்யத்தில் பூந்தமல்லி, தில்லியில் நஜப்கர். ஒன்று கங்கைச் சமவெளியின் ஈர நிலம்; ஒன்று தமிழ்நாட்டின் கரையோரச் சமவெளி; மற்றொன்று கோடையில் வறண்டு மழையில் வெள்ளக்காடாகும் பூமி. பெயரிலேயே திட்டத்தின் நோக்கம் அடங்கியிருக்கிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கிராமத்துக்கு அனுப்புவது அன்று; கிராமத்திலேயே கட்டி, கிராமத்தாரே பயன்படுத்தி, குறைகளைக் கண்டு, திருத்தி மீண்டும் கட்டுவது.

அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆர்.சி.ஏ. கக்கூஸ் என்று வழங்கும் சாதனம் இவ்வாறு பிறந்தது. அதன் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மூன்று அடிச் சதுரமான சிமெண்டுப் பலகை. கனம் இரண்டு அங்குலம். அதன் நடுவில் சரிவான, வழவழப்பான கோப்பை. கோப்பையின் அடியில் மூன்று அங்குல விட்டமுள்ள வளைகுழாய். அந்த வளைவில் எப்போதும் முக்கால் அங்குல ஆழத்துக்கு நீர் நிற்கும். அங்கிருந்து ஓர் இணைப்புக் குழாய், சற்றுத் தள்ளித் தோண்டப்பட்ட குழிக்குச் செல்லும். ஒரு செம்பு அல்லது இரண்டு செம்பு நீர் ஊற்றினால் போதும். கழிவு குழிக்குப் போய்விடும். வளைவில் மீண்டும் முக்கால் அங்குல நீர் நின்றுகொள்ளும்.

கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த முக்கால் அங்குல நீரில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழியில் எழும் நாற்றம் அந்நீரைத் தாண்டி மேலே வராது. மலத்தில் மொய்த்துப் பின் உணவில் அமரும் ஈ, அந்நீரைத் தாண்டிக் கீழே போகாது. கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. நாற்றமும் ஈயும் அருவருப்பும் இல்லாத காரணத்தால் அதை வீட்டுக்கு அருகிலேயே கட்டலாம். இருட்டும் வரை காத்திருந்து வயல்வெளிக்குச் செல்லும் துன்பத்திலிருந்து பெண்களுக்கு விடுதலை கிடைக்கும். ஆழம் ஏன் முக்கால் அங்குலம்? நகரத்துக் கோப்பைகளில் இதனினும் ஆழமான நீரடைப்பு உண்டு. அதைக் கழுவித் தள்ளத் தொட்டி நிறைய நீர் வேண்டும். ஆழத்தைக் குறைத்தால் நீர்ச் செலவு குறையும். மிகவும் குறைத்தால் வெயிலில் வற்றி அடைப்பே இல்லாமற் போகும். நாற்றத்தைத் தடுக்கவும், செம்பு நீரில் கழுவவும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் அளவு அது. தலையில் சுமந்து வந்த நீரை மனத்திற்கொண்டு வகுத்த கணக்கு என்று அதைச் சொல்லலாம். இதே காலத்தில் லக்னோவின் திட்ட ஆராய்ச்சி, செயல் நிறுவனமும் இவ்வகையில் ஒரு மாதிரியை உருவாக்கியது.

குழிக்குள் நடப்பது என்ன? காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் திடப் பொருளைச் சிதைத்து, வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. நீர், குழியின் சுவர் வழியே மண்ணில் ஊறுகிறது. மண்துகள்கள் கிருமிகளை வடிகட்டுகின்றன. எஞ்சியவை காலப்போக்கில் மடிகின்றன. இதனால் பக்கத்துக் கிணறு கெட்டுவிடாதா என்ற ஐயம் நியாயமானதே. இதைச் சிங்கூர்ப் பகுதியில் டையர், பாஸ்கரன், சந்திரசேகர் ஆகியோர் 1940-களிலேயே ஆராய்ந்தனர். கிருமிகள் நிலத்தடி நீர் ஓடும் திசையிலேயே நகர்கின்றன. நுண்ணிய மணலில் வெகுதூரம் போவதில்லை. எனினும் எச்சரிக்கையாக, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த இடத்தில் குழி அமைய வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. பாறைப் பிளவுள்ள நிலத்துக்கும், நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும் இடத்துக்கும் இவ்விதி போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்துணை நன்றாகச் சிந்தித்து அமைத்த சாதனம் ஏன் நாடெங்கும் உடனே பரவவில்லை? சாதனத்தைக் கொடுப்பது வேறு, பழக்கத்தை மாற்றுவது வேறு என்பதே அடுத்த முப்பது ஆண்டுகள் கற்பித்த பாடம். இலவசமாகக் கட்டிக் கொடுத்த கக்கூஸ்கள் பல ஊர்களில் விறகும் வரட்டியும் அடுக்கும் அறைகளாயின. அதைவிட ஆழமான தடை ஒன்றும் இருந்தது. குழி நிரம்பிய பிறகு அதனை யார் காலி செய்வது? தன் வீட்டுக் கழிவைத் தொடுவது தீட்டு என்று கருதும் மனம், குழி நிரம்பும் நாளை எண்ணி முதல் நாளே அஞ்சியது. நகரங்களிலோ எடுப்புக் கக்கூஸும், கூடையில் சுமந்து செல்லும் தோட்டிகளும் நீடித்தனர். மல்கானி தலைமையில் 1957-இல் அமைந்த குழு 1960-இல் தந்த அறிக்கை, சுதந்திர இந்தியாவிலும் அம்மக்களின் தலையில் மலக்கூடை இருப்பதை எடுத்துக்காட்டியது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அதன் குறைகளை நிரப்ப 2013-இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் இறங்கி மூச்சு முட்டி இறப்போர் பற்றிய செய்தி இன்றும் நின்றபாடில்லை.

குழி நிரம்பும் சிக்கலுக்கும் விடை அந்தப் பழைய சாதனத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு குழி நிரம்பினால் வேறொரு குழி தோண்டி, இணைப்புக் குழாயின் திசையை மாற்றிவிடலாம் என்பது ஆர்.சி.ஏ. அமைப்பிலேயே அடங்கிய கருத்து. அக்கருத்தை இரட்டைக் குழி என்ற நிலையான வடிவமாக்கி மக்களிடையே பரப்பியவர்களுள் முதன்மையானவர் பீகாரைச் சேர்ந்த பிந்தேஷ்வர் பாடக். 1970-இல் அவர் சுலப் இயக்கத்தைத் தொடங்கினார். 1973-இல் ஆரா நகரில் முதல் மாதிரிகளைக் கட்டினார். உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக வாக்னர், லனுவா என்ற இருவர் 1958-இல் எழுதிய, கிராமங்களுக்கும் சிறு சமூகங்களுக்கும் உரிய மலக்கழிவு முறைகளைப் பற்றிய நூல் தமக்கு வழிகாட்டியது என்று அவர் கூறியதுண்டு. இரட்டைக் குழியில் ஒன்று பயன்படும்போது மற்றொன்று மூடியிருக்கும். ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது நாற்றமற்ற, உலர்ந்த எரு. அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் வாரித் தம் தோட்டத்தில் இடலாம். ஒரு சாதியாரின் தலையிலிருந்து கூடையை இறக்குவதற்கு உபதேசம் மட்டும் போதாது, இரண்டாவது குழியும் வேண்டும் என்பதை இது காட்டியது.

1986-இல் மத்திய கிராம சுகாதாரத் திட்டம், 1999-இல் முழுச் சுகாதார இயக்கம், 2014 அக்டோபர் 2 முதல் தூய்மை பாரத இயக்கம் என்று அரசாங்க முயற்சிகள் தொடர்ந்தன. 2019 அக்டோபர் 2 அன்று, நாட்டின் கிராமங்கள் திறந்தவெளிக் கழிப்பிடம் அற்றவை என அரசாங்கம் அறிவித்தது. எண்ணிக்கையில் இது பெரிய மாறுதல் என்பதில் ஐயமில்லை. கட்டிய அனைத்தும் பயன்படுகின்றனவா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். அக்கேள்வி நஜப்கர்ச் சோதனையாளர்களுக்குப் புதியதாக இராது.

இனி மற்றொரு நீரைப் பார்ப்போம். கழிப்பறை பற்றிய பேச்சில் அடுப்படி நீர் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அளவில் அதுவே பெரியது. 2019 ஆகஸ்டு 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏறக்குறைய ஆறில் ஒரு கிராமக் குடும்பத்துக்கே குழாய் இணைப்பு இருந்தது. அதன் பின் பல கோடி வீடுகளுக்குக் குழாய் வந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. வீட்டுக்கு வரும் நீரில் பெரும்பகுதி வீட்டை விட்டு வெளியேறும். குடத்தில் சுமந்த காலத்தில் வாசலிலேயே உலர்ந்துபோன நீர், இப்போது தெருவில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. அல்லது ஊர்க் குளத்தில் சென்று சேர்கிறது. 1955-இல் மாநகரத்துக்கு நேர்ந்தது, சிறிய அளவில், இனி ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரக்கூடும். அதாவது, தான் கழித்த நீரே தன் கிணற்றுக்குத் திரும்பி வருதல்.

இதற்கும் விடைகள் நம்மிடம் உண்டு. தனி வீட்டுக்கு உறிஞ்சு குழி: ஏறக்குறைய மூன்று அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் கீழே பெரிய கற்களும், நடுவில் சிறிய கற்களும், மேலே சரளையும் இட்டு, எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் தடுக்க வாயில் ஒரு சிறு வடிகட்டி வைக்க வேண்டும். வடிகட்டியை அவ்வப்போது கழுவாவிட்டால் மண்ணின் துளைகள் அடைபட்டுக் குழி பயனற்றுப் போகும். அதன் ஓரத்தில் வாழையும் கல்வாழையும் வைக்கும் நம் பழைய வழக்கம் விஞ்ஞானத்துக்கும் ஒத்ததே. அவை நீரையும் அதிலுள்ள உரச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஊர் முழுமைக்கும் எனில் தொடர் குட்டைகள்: முதற் குட்டையில் வண்டல் படியும், அடுத்தவற்றில் பாசியும் வெயிலும் காற்றும் நீரைத் தேற்றும், இறுதியில் வயலுக்குப் பாய்ச்சலாம். பஞ்சாபின் சீச்சேவால் கிராமத்தில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி ஊரைத் திரட்டி, கழிவுநீரைக் குட்டைகளில் தெளிய வைத்துப் பாசனத்துக்குத் திருப்பினார். யந்திரமின்றியே இது கைகூடும் என்பதற்கு அம்முறை எடுத்துக்காட்டாக விளங்குகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியில், காவிரிக் கரையின் உயர்ந்த நிலத்தடி நீருக்கு ஏற்ப, குழியே தோண்டாமல், சிறுநீரையும் மலத்தையும் பிரித்து எருவாக்கும் கழிப்பிடங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. ஒரே சாதனம் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது என்பதை முசிறி நினைவூட்டுகிறது.

சோதனை நடந்த மூன்று ஊர்களும் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. சிங்கூரின் பெயர் 2006-ஆம் ஆண்டின் கார்த் தொழிற்சாலைப் போராட்டத்தால் நாடெங்கும் அறிமுகமாயிற்று. பூந்தமல்லி சென்னையின் புறநகராகிவிட்டது. நஜப்கர் தில்லியின் நெரிசல் மிகுந்த ஒரு பகுதி. அதன் நாலாவோ, யமுனையில் கலக்கும் தில்லி வாய்க்கால்களுள் மிக அதிகமான அழுக்கைச் சுமந்து வருவதாகப் பெயர் எடுத்திருக்கிறது.

ஓர் ஊரின் பெயரால் இரண்டு பாடங்கள் நம் முன் நிற்கின்றன. கழிவுநீரை எங்கேனும் தொலைவில் கொட்டிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுவதன் முடிவை நாலா காட்டுகிறது. தோன்றிய இடத்திலேயே, தோற்றுவித்தவரின் பொறுப்பிலேயே, மண்ணின் துணையோடு அதனை அடக்கலாம் என்பதை அந்த மூன்றடிச் சிமெண்டுப் பலகை காட்டுகிறது. எந்தப் பாடத்தைக் கைக்கொள்ளுவது என்பது கிராமங்கள் இனி எடுக்க வேண்டிய முடிவு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசும் அன்றே, அக்குழாயின் நீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியையும் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்பாராயின், அந்த ஊர் நல்ல தொடக்கத்தைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.